இரண்டாம் திரை வந்ததும் கணினி தளர்வது ஏன்?



வீட்டில் ஒரு பொருள் பழுதுபட்டால் நம் கை முதலில் எங்கே செல்கிறது? பெரும்பாலும் பணப்பையை நோக்கித்தான் செல்கிறது. மின்விசிறி மெதுவாகச் சுழன்றால், சிறு தொகையில் கண்டென்சரை மாற்றிப் பார்க்குமுன் புதிய விசிறிக்கு விலை கேட்கிறோம். இதே பழக்கம் கணினியிலும் நம்மைத் தொடர்கிறது. ஆனால் அங்கே விலை நூறுகளில் நிற்பதில்லை, ஆயிரங்களில் ஏறிவிடுகிறது.

எனக்கு நன்கு அறிமுகமான ஒரு குடும்பம். தந்தை வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது அவ்வீட்டின் அடுப்பு எரிவது மூத்த மகளின் உழைப்பால். வீட்டிலிருந்தபடியே பதிப்பகங்களுக்கு நூல்களைப் பக்கம் பக்கமாக வடிவமைத்துத் தருகிறார். படங்கள் நிறைந்த நூல்கள் அதிகம் வருவதால், தரமான கிராஃபிக்ஸ் கார்டு ஒன்றையும் தம் கணினியில் பொருத்தி வைத்திருந்தார். வேலை பெருகவே, மூலப்பிரதியை ஒரு திரையிலும் பக்க வடிவத்தை மறு திரையிலும் வைத்துப் பார்த்தால் பிழை குறையும் என்று எண்ணி, இரண்டாவதாக ஒரு பெரிய 4கே மானிட்டரை வாங்கினார்.

வாங்கிய நாளிலிருந்து தொல்லையும் தொடங்கியது. புதிய திரையில் மவுஸின் அம்புக்குறி வழுக்கிச் செல்லாமல் தத்தித் தத்திச் சென்றது. பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தினால் படங்கள் விட்டுவிட்டு வந்தன. பழைய திரையிலிருந்து ஒரு ஜன்னலைப் புதிய திரைக்கு இழுத்தால், எல்லையைக் கடக்கும்போது அது ஒரு கணம் நின்று, பிறகே நகர்ந்தது. ஒரு நாளில் முடிய வேண்டிய வேலை இரண்டு நாள்களை விழுங்கியது. பதிப்பகத்துக்குக் கொடுத்த தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

பழுது பார்ப்பவர் ஒருவர் வந்தார், பார்த்தார். "இந்தக் கார்டுக்கு இரண்டு மானிட்டரைத் தாங்கும் சக்தி இல்லை. புதிய கார்டு போட வேண்டும். அதற்கேற்றபடி பவர் சப்ளையும் மாற்ற வேண்டும். முப்பதாயிரத்துக்குக் குறையாது" என்று கூறிச் சென்றுவிட்டார். வீட்டில் இருந்ததோ சீட்டு எடுத்த பணம் மட்டுமே. அதுவும் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கி வைத்தது.

"ஹஜ்ரத், கட்டணம் கட்ட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முதலில் கார்டை வாங்கிவிடட்டுமா? பிள்ளையின் வேலை நின்றால் வீடே நின்றுவிடுமே!" என்று தந்தை என்னிடம் கேட்டார்.

நான் கலைப் பட்டம் படித்தவன். கணினிப் பொறியாளன் அல்லன். எனினும், "வாங்குமுன் ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்ப்போம்" என்றேன். அந்த ஒரு மணி நேரத்தில் நாங்கள் பார்த்தவற்றையே இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் வீட்டுக் கணினிக்கும் இது பயன்படக்கூடும்.

படம் வரும் பாதை

ஒன்றுக்கு மேற்பட்ட திரைகளைக் கணினியில் இணைப்பது புதுமையன்று. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த மேகிண்டாஷ் 2 கணினியிலேயே அவ்வசதி இருந்தது. 1998இல் வந்த விண்டோஸ் 98 அதனைச் சாதாரண வீட்டுக் கணினிக்கும் கொண்டுவந்தது. எனவே இரண்டு திரை என்பதே ஒரு நல்ல கார்டை மூச்சுத் திணறச் செய்யும் பாரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

பாரம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். திரையில் தெரியும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. வழக்கமான முழு எச்.டி. திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080 புள்ளிகள்; ஆக மொத்தம் 20,73,600. 4கே திரையிலோ 3840க்கு 2160. ஆக மொத்தம் 82,94,400. அதாவது, சரியாக நான்கு மடங்கு. ஒரு திரை இருந்த இடத்தில் இரண்டு ஆயிற்று என்று அக்குடும்பத்தார் எண்ணினர். உண்மையில், ஒரு பங்கு பாரம் இருந்த இடத்தில் ஐந்து பங்காக ஆயிற்று.

இப்புள்ளிகள் அனைத்தும் நொடிக்கு 60 முறை புதிதாக அனுப்பப்பட வேண்டும். ஒரு புள்ளியின் நிறத்துக்கு 3 பைட் என்று கொண்டால், முழு எச்.டி. திரைக்கு நொடிக்கு ஏறத்தாழ 37 கோடி பைட்டுகள் போதும். 4கே திரைக்கு 149 கோடி தேவை. இவ்வளவும் ஒரு கேபிள் வழியாகப் பாய்ந்தாக வேண்டும். கார்டு எவ்வளவு வலியதாயினும், பாதை குறுகியதாயின் படம் தாமதித்தே வரும். ஆகவே நாம் முதலில் ஆராய வேண்டியது பாதையை. அதன் பிறகே கார்டை.

பின்புறத்தைப் பாருங்கள்

கணினிப் பெட்டியைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பாருங்கள். மானிட்டர் கேபிள் செருகும் துளைகள் பொதுவாக இரண்டு இடங்களில் இருக்கும். மேற்பகுதியில், யூ.எஸ்.பி. துளைகளுக்கும் ஆடியோ துளைகளுக்கும் அருகில் இருப்பவை மதர்போர்டைச் சேர்ந்தவை. சற்றுக் கீழே, தனிப் பட்டையில் ஒரே வரிசையாக இருப்பவை கிராஃபிக்ஸ் கார்டைச் சேர்ந்தவை.

மதர்போர்டின் துளையில் மானிட்டரைச் செருகினால், அதற்குப் படம் அனுப்புவது பிராசஸருக்குள்ளேயே அமைந்திருக்கும் சிறிய கிராஃபிக்ஸ் பகுதி. பல ஆயிரம் கொடுத்து வாங்கிய கார்டுக்கும் அத்திரைக்கும் நேரான தொடர்பே இராது. சில கணினிகளில், கார்டு பொருத்தப்பட்டதும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் தானாகவே அணைந்துவிடும். அப்போது திரை இருண்டு கிடக்கும். தவறும் உடனே தெரிந்துவிடும். வேறு சிலவற்றில் இரண்டும் சேர்ந்தே இயங்கும். இங்கேதான் சிக்கல். திரையில் படம் தெரிகிறது. ஆதலால் எல்லாம் சரியென்றே நாம் நினைக்கிறோம். ஆனால் ஒரு திரைக்குக் கார்டும் மறு திரைக்கு உள்ளமைந்த கிராஃபிக்ஸும் படம் அனுப்புகின்றன. ஒன்று வரைந்ததை மற்றது காட்ட வேண்டுமானால், ஒவ்வொரு முறையும் படத்தைப் பிரதி எடுத்து அனுப்பியாக வேண்டும். ஜன்னல் எல்லையைக் கடக்கும்போது நின்று நகர்வதற்கு இது ஒரு காரணம்.

அவ்வீட்டில் நாங்கள் கண்டதும் இதுவே. கார்டில் ஒரே ஒரு எச்.டி.எம்.ஐ. துளைதான் இருந்தது, அதில் பழைய மானிட்டர் செருகப்பட்டிருந்தது. புதிய மானிட்டரைப் பொருத்த வந்தவர், கையில் இருந்த எச்.டி.எம்.ஐ. கேபிளுக்கு இடம் தேடி, மதர்போர்டில் இருந்த துளையில் செருகிவிட்டார். கார்டில் டிஸ்ப்ளேபோர்ட் எனும் வேறு வகைத் துளைகள் காலியாகவே இருந்தன. அவரைக் குறை கூறுவதற்கில்லை. படம் தெரிந்தது; வேலை முடிந்தது என்று எண்ணிச் சென்றுவிட்டார்.

நொடிக்கு எத்தனை முறை?

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது, திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. விண்டோஸில் 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்ப்ளே', 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே' என்ற வரிசையில் செல்லுங்கள். அங்கே ஒவ்வொரு மானிட்டரையும் தனித்தனியே தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். அது எந்தக் கிராஃபிக்ஸுடன் இணைந்துள்ளது, எத்தனை ஹெர்ட்ஸில் இயங்குகிறது என்ற இரண்டு செய்திகளும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

அவ்வீட்டின் புதிய மானிட்டருக்கு நேரே 30 ஹெர்ட்ஸ் என்று இருந்தது. காரணம் எளியது. 2009இல் வந்த எச்.டி.எம்.ஐ. 1.4 முறை, 4கே படத்தை நொடிக்கு 30 முறைக்கு மேல் அனுப்பாது. 60 முறை அனுப்ப வேண்டுமானால் 2013இல் வந்த எச்.டி.எம்.ஐ. 2.0 முறையாவது வேண்டும். அம்மதர்போர்டின் துளை பழைய முறையைச் சேர்ந்தது. அம்புக்குறி தத்திச் சென்றதன் மர்மம் இதுதான்.

இன்னும் சிலவற்றையும் இங்கே நினைவில் வையுங்கள். கேபிளும் இரண்டு முனையிலுள்ள துளைகளும் ஒரே தரத்தில் இருத்தல் வேண்டும். மூன்றில் எது பின்தங்கியதோ, அதன் வேகமே மொத்த வேகம். டிஸ்ப்ளேபோர்ட்டை எச்.டி.எம்.ஐ.யாக மாற்றித் தரும் மலிவான இணைப்பான்கள் பல, 4கே படத்தை 30 ஹெர்ட்ஸுக்கு மேல் கடத்துவதில்லை. மடிக்கணினிக்கு வாங்கும் டைப்-சி ஹப்புகள் பலவற்றின் நிலையும் இதுவே. வாங்குமுன் பெட்டியின் மேல் '4கே' என்று இருக்கிறதா என்று மட்டும் பாராமல், '60 ஹெர்ட்ஸ்' என்றும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு திரை 144 ஹெர்ட்ஸிலும் மற்றது 60 ஹெர்ட்ஸிலும் இயங்கும்போது, ஒன்றில் வீடியோ ஓடினால் மற்றதில் தடுமாற்றம் தெரிவதுண்டு. விண்டோஸின் பழைய பதிப்புகளில் இத்தொல்லை அதிகம். சோதனைக்காக இரண்டையும் 60க்கு மாற்றிப் பாருங்கள். தடுமாற்றம் நீங்கினால் காரணம் புலப்பட்டுவிடும்.

உழைப்பது எது, ஓய்ந்திருப்பது எது?

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்துங்கள். 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குச் சென்றால், பிராசஸர், நினைவகம், டிஸ்க் ஆகியவற்றுடன் 'ஜி.பி.யூ. 0', 'ஜி.பி.யூ. 1' என்று கிராஃபிக்ஸ் பகுதிகளும் பட்டியலில் தெரியும். 2017ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து இவ்வசதி உண்டு.

இதனைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினி தளர்ந்துபோகும் அதே வேலையைச் செய்யுங்கள். எந்தக் கோடு உச்சிக்கு ஏறுகிறது என்று கவனியுங்கள். கார்டின் கோடு நூறைத் தொட்டு நின்றால், கார்டு உண்மையாகவே திணறுகிறது. நினைவகம் நிரம்பியிருந்தால் குற்றம் அங்கே. பிராசஸரின் கோடு உச்சியில் இருந்தால் கார்டை மாற்றிப் பயனில்லை. டிஸ்க் ஓயாமல் உழைத்தால் நோய் வேறு.

அந்தச் சகோதரி படங்கள் நிறைந்த ஒரு பக்கத்தைப் புதிய திரையில் நகர்த்திக் காட்டினார். உள்ளமைந்த சிறிய கிராஃபிக்ஸின் கோடு விறுவிறுவென்று மேலேறியது. கார்டின் கோடோ தரையோடு தரையாகக் கிடந்தது. சக்தி இல்லை என்று பழி சுமத்தப்பட்ட கார்டு, வேலையே கொடுக்கப்படாமல் சும்மா இருந்தது!

மற்றக் காரணங்கள்

எல்லார் வீட்டிலும் தவறு கேபிளில்தான் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. எனவே, மேற்கண்டவை சரியாக இருப்பின் பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். ஒரே மூச்சில் நான்கை மாற்றினால், நோய் நீங்கினாலும் எந்த மருந்தால் நீங்கியது என்பது தெரியாமற் போகும்.

டிரைவர்: 'டிவைஸ் மேனேஜர்' திறந்து, 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால், கார்டுக்குரிய டிரைவர் பொருத்தப்படவில்லை என்று பொருள். கார்டைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உரியதை எடுத்துப் பொருத்துங்கள். திரை திடீரென உறைந்துவிட்டால், விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கணினியை அணைக்காமலே டிரைவர் மட்டும் மீண்டும் தொடங்கும்.

மென்பொருளின் தேர்வு: இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள கணினியில், ஒரு மென்பொருள் சிறியதையே பற்றிக்கொண்டிருக்கக் கூடும். 'டிஸ்ப்ளே' பகுதியின் கீழேயுள்ள 'கிராஃபிக்ஸ்' என்ற இடத்தில், அம்மென்பொருளைத் தேர்ந்து 'ஹை பெர்ஃபார்மன்ஸ்' என்று குறித்துவிடலாம். மடிக்கணினியாக இருந்தால், சார்ஜரைச் செருகியபின் வேகம் கூடுகிறதா என்றும் பாருங்கள். பேட்டரியில் ஓடும்போது சக்தியை மிச்சப்படுத்துவதற்காக அது வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

யூ.எஸ்.பி. வழி மானிட்டர்: சாதாரண யூ.எஸ்.பி. துளையில் செருகி இன்னொரு மானிட்டரை இணைக்கும் கருவிகள் உண்டு. டிஸ்ப்ளேலிங்க் முறையில் இயங்குபவை, படத்தைப் பிராசஸரின் துணையால் சுருக்கி அனுப்புகின்றன. கடிதமும் கணக்கும் பார்க்க இது போதும். வீடியோவுக்கும் அசையும் படத்துக்கும் இது உகந்ததன்று. கார்டில் காலித் துளை இருக்கும்போது இக்கருவியை நாட வேண்டியதில்லை.

நினைவகம்: தனிக் கார்டு இல்லாத கணினியில், கிராஃபிக்ஸும் பொது நினைவகத்தையே பங்கிட்டுக்கொள்கிறது. அங்கே 8 ஜி.பி. ரேம் ஒன்று இருப்பதைவிட, 4 ஜி.பி. ரேம்கள் இரண்டு உரிய துளைகளில் இருப்பது மேல். பாதை ஒன்றாக இருந்தது இரண்டாகும். கார்டு வாங்கச் சொல்லப்படும் பல இடங்களில், இன்னொரு ரேம் சேர்ப்பதே நோயைத் தீர்த்துவிடும்.

வெப்பமும் தூசியும்: வெவ்வேறு வேகத்தில் இயங்கும் இரண்டு திரைகளை இணைத்தால், சும்மா இருக்கும்போதும் கார்டு தன் நினைவகத்தை முழு வேகத்தில் வைத்திருப்பதுண்டு, அதனால் வெப்பம் கூடும். வெப்பம் மிகுந்தால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்றாக இயங்கி, ஒரு மணி நேரத்துக்குப் பின் தளரும் கணினியை முதலில் இதற்காகவே சந்தேகியுங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, விசிறியிலும் வெப்பத் தகட்டிலும் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் அகற்றுங்கள். அசையும் வால்பேப்பர்களையும், திறந்தே கிடக்கும் பிரவுசர் பக்கங்களையும் மூடிப் பாருங்கள்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் நிறுத்திக்கொண்டது. இன்னும் அதிலேயே இருப்பவர்கள், கணினி ஏற்குமாயின் விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்வது நல்லது. அதற்கு முன் கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்க மறவாதீர்கள்.

எப்போது வாங்கலாம்?

செலவே கூடாது என்பதன்று என் கருத்து. கேபிள்கள் கார்டில் உள்ளன; திரை 60 ஹெர்ட்ஸில் உள்ளது; டிரைவர் சரியானது; தூசி இல்லை; அப்படியும் வேலையின்போது கார்டின் கோடு நூறிலேயே நிற்கிறது, அல்லது அதன் நினைவகம் நிரம்பி வழிகிறது என்றால், தாராளமாக வாங்குங்கள். அப்போது அது வீண் செலவாகாது. வாங்கும் கார்டில் உங்கள் மானிட்டர்களுக்கு ஏற்ற துளைகள் எத்தனை என்பதையும் எண்ணிப் பார்த்து வாங்குங்கள்.

அக்குடும்பத்துக்கு வருவோம். தம்பி கடைத்தெருவுக்குச் சென்று ஒரு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கி வந்தார். விலை ஆயிரத்தைத் தாண்டவில்லை. மதர்போர்டில் இருந்த கேபிளைக் கழற்றிவிட்டு, புதியதைக் கார்டில் செருகினோம். 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யில் இப்போது இரண்டு மானிட்டர்களும் ஒரே கார்டின் பெயரைக் காட்டின. 30 என்றிருந்த எண்ணை 60 ஆக்கினோம். அந்தச் சகோதரி மவுஸைப் பிடித்து ஒரு பக்கத்தை இத்திரையிலிருந்து அத்திரைக்கு இழுத்தார். அது நிற்கவில்லை. மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"வாப்பா, சீட்டுப் பணத்தைத் தம்பியிடமே கொடுத்துவிடுங்கள்" என்றார்.

கேட்ட தேதியில் நூல் போய்ச் சேர்ந்தது. கல்லூரிக் கட்டணமும் உரிய நாளில் கட்டப்பட்டது.

அன்பிற்குரியவர்களே! கருவி தளர்ந்தால் அது பலவீனமானது என்று உடனே தீர்ப்பளித்துவிடாதீர்கள். அதற்கு வேலை போய்ச் சேருகிறதா, அது செய்த வேலை நம்மிடம் வந்து சேருகிறதா என்று முதலில் பாருங்கள். பழுது பார்ப்பவர் எதையேனும் மாற்றச் சொன்னால், "எந்தக் கோடு நூறைத் தொடுகிறது? எனக்கும் காட்டுங்கள்" என்று பணிவுடன் கேளுங்கள். தொழில் அறிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். காட்ட இயலாதவரிடம் உங்கள் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.